கடிகாரம் ஆண், பெண் பார்ப்பதில்லை: பெரில் பேர்ட்டனின் பந்தய வீதி

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலை வைத்துக்கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் அதற்கான காரணத்தை நான் அறிவேன். பட்டியல் கையில் இருக்கிறது, எழுதுவது சுலபம். ஆனால், அந்தப் பட்டியலில் இடம்பெறவே முடியாதபடி வாசல் அடைக்கப்பட்டிருந்தவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது?

பெரில் பேர்ட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் வரலாறு அத்தகையது. சைக்கிளோட்டத்தில் அவர் ஏழு தடவைகள் உலக சம்பியன். ஒலிம்பிக்கில் ஒருநாளேனும் ஓடியதில்லை. 1896 இல் ஏதென்ஸில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குச் சைக்கிளோட்டம் இருந்தது. பெண்களுக்கு அது 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இடையில் 88 ஆண்டுகள். வாசல் திறந்தபோது பேர்ட்டனுக்கு வயது 47.

ஒலிம்பிக் மறுத்ததை இங்கிலாந்தின் கிராமப்புற வீதிகளில் விடியற்காலையில் நடந்த சாதாரண அமெச்சூர் போட்டிகள் அவருக்கு வழங்கின. இக்கட்டுரை அதைப் பற்றியது.

பேர்ட்டன் 1937 மே மாதம் யோர்க்ஷயர் பிராந்தியத்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர். அந்நாளைய இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானித்த பரீட்சை ஒன்று இருந்தது. எமது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை அறிந்தவர்களுக்கு அதன் கொடுமையை விளக்கத் தேவையில்லை. அந்தப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. அதையடுத்து வாதக் காய்ச்சல் கண்டு பல மாதங்கள் வைத்தியசாலையில் கிடந்தார். கடும் உழைப்பு ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தனர். பாடசாலையை விட்டு வேலைக்குச் சென்ற இடத்தில் சார்ளி பேர்ட்டன் என்ற இளைஞரைச் சந்தித்தார். சைக்கிளோட்டத்தை அவருக்கு அறிமுகம் செய்தவர் சார்ளியே. 1955 இல் திருமணம். அடுத்த ஆண்டு மகள் டெனிஸ் பிறந்தாள். மனைவி தன்னைவிட வேகமானவர் என்பதை விரைவிலேயே உணர்ந்துகொண்ட சார்ளி, பின்னர் வண்டி திருத்துநராகவும் சாரதியாகவும் உணவு கொடுப்பவராகவும் மாறினார். 1950களின் ஆண்களில் இத்தகையோர் மிகச் சிலரே.

இங்கிலாந்தின் வீதிப் போட்டிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிரான்சிலும் இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் நூற்றுக்கணக்கானோர் கூட்டமாகப் புறப்பட்டு ஓடுவதே வழக்கம். இங்கிலாந்திலோ 1890களில், பொலிசாரின் தொல்லைக்கு அஞ்சிய சைக்கிளோட்டச் சங்கம், பொதுவீதிகளில் கூட்டமாக ஓடுவதைத் தடை செய்தது. அதற்கு மாற்றாக எழுந்ததே நேரக்கணிப்புப் போட்டி. 1895 இல் எப்.ரி. பிட்லேக் என்பவர் இதற்கு வழிகாட்டினார். ஒவ்வொருவரும் ஒரு நிமிட இடைவெளியில் தனித்தனியே புறப்படுவர். ஒருவர் பின்னால் மற்றவர் ஒளிந்து காற்றெதிர்ப்பைத் தவிர்க்கக் கூடாது. முடிவைத் தீர்மானிப்பது கடிகாரம் மட்டுமே. போட்டி நடப்பது வெளியே தெரியாதிருக்க அதிகாலையில் ஓடினார்கள். கறுப்பு உடை அணிந்தார்கள். பாதைகளுக்குச் சங்கேத எண்கள் இட்டார்கள். பொலிசாருக்குப் பயந்து உருவான இந்த முறைதான் பின்னாளில் ஒரு பெண்ணுக்கு நியாயம் வழங்கியது என்பது வரலாற்றின் விநோதம்.

சர்வதேச அரங்கிலே நிலைமை வேறு. ஆண்களுக்கு 1920களிலேயே உலக வீதிச் சம்பியன் போட்டி தொடங்கிவிட்டது. பெண்களுக்கும் அது வேண்டும் என்று வாதாடியவர்களில் இங்கிலாந்தின் ஐலின் கிரே முக்கியமானவர். கடைசியில் 1958 இல், பிரான்சின் ரீம்ஸ் நகரில் பெண்களுக்கான முதலாவது உலக வீதிச் சம்பியன் போட்டி நடந்தது. லக்ஸம்பேர்க்கின் எல்ஸி ஜேக்கப்ஸ் வென்றார். தூரம் சுமார் 60 கிலோமீற்றர். அதற்கு மேல் பெண்ணுடல் தாங்காது என்பது அன்றைய சர்வதேச அதிகாரிகளின் எண்ணம். அந்த எண்ணம் இலகுவில் மாறவில்லை. 1984 ஒலிம்பிக்கில்கூட ஆண்கள் 190 கிலோமீற்றர் ஓட, பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட தூரம் 79 கிலோமீற்றர் மட்டுமே.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்த வாதம் சிரிப்பையே தரும். 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், குடாநாட்டின் வாழ்க்கையைச் சைக்கிள்களே சுமந்தன. பெண்கள் பிள்ளையை முன்னாலும் விறகையோ நெல்மூட்டையையோ பின்னாலும் வைத்து, கிடங்கு விழுந்த வீதிகளில் நாள்தோறும் மைல் கணக்கில் மிதித்தார்கள். தாங்குமா, தாங்காதா என்று எந்த அதிகாரியும் அவர்களிடம் கேட்கவில்லை. பெண்ணின் வலிமை பற்றிய கேள்வி அவள் வேலை செய்யும்போது எழுவதில்லை. போட்டியிட வரும்போதே எழுகிறது.

பேர்ட்டன் 1959 இல் தனது முதலாவது உலகப் பட்டத்தை மைதான ஓட்டத்தில் வென்றார். 1960 இல் கிழக்கு ஜேர்மனியில் மைதானம், வீதி இரண்டிலும் பட்டம். 1962, 1963, 1966 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மைதானத்தில் பட்டம். 1967 இல் நெதர்லாந்தின் ஹேர்லன் நகரில் இரண்டாவது வீதிப் பட்டம். அதன்பின் சில வாரங்களுக்குள் அவர் யோர்க்ஷயரில் செய்த காரியம்தான் இன்றுவரை பேசப்படுகிறது.

1967 செப்டெம்பர் 17 ஆம் திகதி, ஓட்லி சைக்கிள் கழகம் நடத்திய 12 மணிநேரப் போட்டி. இதில் தூரம் நிர்ணயிக்கப்படுவதில்லை, நேரமே நிர்ணயம். 12 மணிநேரத்தில் யார் அதிக தூரம் ஓடுகிறாரோ அவரே வெற்றியாளர். இறுதிக் கட்டத்தில் எல்லோரும் ஒரு வளையப் பாதைக்குத் திருப்பப்படுவர். அங்கே இடைக்கிடை நிற்கும் நேரக்கணிப்பாளர்கள், ஒவ்வொருவரும் 12 மணிநேரம் நிறைவுறும் கணத்தில் எங்கே இருந்தார் என்பதைக் கணக்கிடுவர். ஆண்களுக்கான போட்டியும் பெண்களுக்கான போட்டியும் ஒரே நாளில், ஒரே பாதையில். ஆண்கள் முதலில் புறப்பட்டனர். அவர்களில் கடைசியாகப் புறப்பட்டவர் மைக் மக்னமாரா. அன்று வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். அவருக்கு இரண்டு நிமிடங்களின் பின் பேர்ட்டன் புறப்பட்டார்.

மக்னமாரா அன்று சோடை போகவில்லை. அதுவரை எந்த ஆணும் ஓடியிராத தூரத்தை அவர் அன்று ஓடினார். ஆனால், ஏனைய ஆண்களை ஒவ்வொருவராகக் கடந்து வந்த பேர்ட்டன், சுமார் 235 மைல் ஓடிய நிலையில் அவரையும் எட்டிப் பிடித்தார். இரண்டு நிமிடம் பின்னால் புறப்பட்டவர் எட்டிப் பிடித்தார் என்றால், கடிகாரத்தின் கணக்கில் இரண்டு நிமிடம் முன்னால் நிற்கிறார் என்று பொருள். பேசாமல் கடந்து போக அவருக்கு மனம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் அதிமதுர இனிப்பை எடுத்து நீட்டினார். மக்னமாரா நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். விளையாட்டு வரலாற்றில் இவ்வளவு சாதுவான முந்திச் செல்லலை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

முடிவில் மக்னமாரா ஓடிய தூரம் 276.52 மைல், ஆண்களுக்கான புதிய சாதனை. பேர்ட்டன் ஓடியது 277.25 மைல். அதாவது 446 கிலோமீற்றர். சராசரி வேகம் மணிக்கு 37 கிலோமீற்றருக்கு மேல். உலகப் போட்டியில் பெண்களுக்கு 60 கிலோமீற்றருக்குச் சற்று முன்பின்னாகத் தூரம் வகுத்துக்கொடுத்த அதே காலம் இது. 1969 வரை எந்த ஆணும் அவருடைய தூரத்தைத் தாண்டவில்லை. பெண்களுக்கான சாதனையாக அது 2017 வரை, சரியாக ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. அலிஸ் லெத்பிரிட்ஜ் என்பவர் அதை முறியடித்தபோது சைக்கிளின் அமைப்பு, உடை, உணவு, பயிற்சி எல்லாமே மாறிவிட்டிருந்தன.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இந்தச் சாதனை ஏன் ஒரு கழகப் போட்டியில் நிகழ்ந்தது? பெரிய போட்டிகளை நடத்தியவர்களிடம் பெண்ணின் எல்லை என்னவென்று முன்கூட்டியே எழுதிய விதிப்புத்தகம் இருந்தது. சிறிய கழகத்திடம் இருந்தவை ஒரு வீதி, சில தொண்டர்கள், ஒரு கடிகாரம். பரிசுப் பணமோ விளம்பரமோ அங்கே இல்லை. ஆகவே ஒரு பெண் ஆண்களை மிஞ்சிவிடுவாளோ என்று யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அமெச்சூர் போட்டியின் எளிமையே அதன் சுதந்திரமாகவும் அமைந்தது.

அந்தச் சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். உலக சம்பியனாக இருந்த காலத்திலும் மோர்லி என்ற ஊரில், சக சைக்கிளோட்ட வீரரான நிம் கார்ளைனின் பண்ணையில் அவர் கூலி வேலை செய்தார். ருபாப் என்னும் புளிப்புத் தண்டுச் செடியைப் பயிரிடும் பண்ணை அது. குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்கும் வேலை. அதுவே தனக்குத் தேகப்பயிற்சி என்று எடுத்துக்கொண்டார். வேலை முடிந்த பின்னரே சைக்கிள். உலகப் போட்டிகளில் அவரை எதிர்த்த சோவியத் வீராங்கனைகளும் பெயரளவில் அமெச்சூர்களே. ஆனால், பயிற்சியே அவர்களுடைய தொழிலாக இருந்தது. ஒரே சொல் இரு வேறு வாழ்க்கைகளைக் குறித்தது.

குடும்பத்துக்குள்ளும் அந்தப் பிடிவாதத்தின் சூடு தெறித்தது. மகள் டெனிஸும் சிறந்த வீராங்கனையானார். 1972 இல் தாயும் மகளும் ஒரே உலகப் போட்டிக்குத் தெரிவானார்கள். 1976 இல் தேசிய வீதிச் சம்பியன் போட்டியின் முடிவுக்கோட்டில் டெனிஸ் தாயை முந்தி வென்றார். வெற்றி மேடையில் தாய் மகளின் கையைப் பற்றிக் குலுக்க மறுத்தார். முன்னே சென்று காற்றை எதிர்க்கும் உழைப்பில் மகள் தனக்குரிய பங்கைச் செய்யவில்லை என்பது அவருடைய கோபம். வெற்றி பெற்ற நாளில் தாயின் முகம் திரும்பியதைப் பார்த்து நின்ற அந்த மகளுக்கு அது எத்தகைய வேதனை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். பிற்காலத்தில் பேர்ட்டன் தன் சுயசரிதையில் இதற்காக வருந்தி எழுதினார். 1982 இல் தாயும் மகளும் ஒரே இரட்டை ஆசனச் சைக்கிளில் ஏறி, 10 மைல் தூரத்துக்குப் பிரித்தானிய சாதனை படைத்தனர் என்பது மனதுக்கு ஆறுதல்.

1959 முதல் 1983 வரை, தொடர்ந்து 25 ஆண்டுகள், பல தூரங்களின் சராசரியைக் கொண்டு தெரிவு செய்யப்படும் பிரித்தானியாவின் சிறந்த பெண் ஓட்டுநர் பட்டம் அவருக்கே கிடைத்தது. தேசியப் பட்டங்கள் தொண்ணூற்றுக்கும் மேல். இருந்தும் 1967 இல் பி.பி.சி. நேயர்கள் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமையாகத் தெரிவு செய்தவர் குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பர், பேர்ட்டனுக்கு இரண்டாமிடம். அவ்வளவாவது கிடைத்ததே என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பத்திரிகையில் இடம் குறையும்போது வெட்டுக்கு முதலில் பலியாவது பெண்கள் விளையாட்டுச் செய்தி. இது எந்த நாட்டுப் பத்திரிகைக் காரியாலயத்திலும் நிலவிய வழக்கம்.

1996 மே மாதத்தில் ஒருநாள், தமது 59 ஆவது பிறந்தநாள் அழைப்பிதழ்களைக் கொடுப்பதற்காகச் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த வேளையில், இதயம் நின்று அவர் காலமானார். அதன்பின்னரே அங்கீகாரம் மெல்ல மெல்ல வந்தது. நடிகை மக்ஸின் பீக் அவரைப் பற்றி எழுதிய வானொலி நாடகம் 2012 இல் ஒலிபரப்பாகி, 2014 இல் லீட்ஸ் நகரில் மேடையேறியது. ஜெரமி வில்சன் 2022 இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, பிரித்தானியாவின் ஆண்டின் சிறந்த விளையாட்டு நூலுக்கான வில்லியம் ஹில் விருதைப் பெற்றது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் வீதியோட்டத்தின் தூரம் 158 கிலோமீற்றர். ஆண்களுக்கு வைக்கப்பட்ட தூரத்தைவிட அது இன்னமும் நூறு கிலோமீற்றருக்கு மேல் குறைவு.

அமெச்சூர் என்ற சொல்லைத் தேர்ச்சி குறைந்தவர் என்ற பொருளில் நாம் அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். அதன் மூலப்பொருள் 'நேசிப்பவர்' என்பதாகும். பணத்துக்காக அன்றி விருப்பத்துக்காகச் செய்பவர். பேர்ட்டன் இறுதிவரை அந்தப் பொருளிலேயே அமெச்சூராக இருந்தார். இன்றும் உலகின் ஏதோவொரு வீதியில், ஞாயிறு விடியலில், இலக்கத் துண்டை முதுகில் குத்திக்கொண்டு ஒரு பெண் தன் முறைக்காகக் காத்து நிற்பாள். மறுநாள் அவள் வேலைக்குப் போக வேண்டும். அவள் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பது பற்றி எத்தனையோ பேருக்கு எத்தனையோ அபிப்பிராயங்கள் இருக்கலாம். நேரக்கணிப்பாளரின் கையில் இருக்கும் கடிகாரத்துக்கு மட்டும் அபிப்பிராயம் எதுவுமில்லை.