பொப்பியும் பூவரசம் பூவும்: இலங்கை முன்னாள் படைவீரர் சின்னங்களில் ஒரு விடுபடல்

மன்னார்க் கரையிலுள்ள விடத்தல்தீவில் பழைய படைவீரர் சங்கச் சின்னங்களைத் தேடுகிறவருக்கு அதிகம் கிடைக்காது. அதற்கான காரணம் ஊரின் அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களும் வீடுவாசலை விட்டுப் போயின. 2008 ஜூலை 16இல் இராணுவம் ஊரைப் பிடிப்பதற்குள் எஞ்சியிருந்தவர்களும் இடம்பெயர்ந்திருந்தார்கள். அப்படிப் புறப்படும் வீட்டில் காணி உறுதி, அடையாள அட்டை, நகை, பிள்ளைகளின் சான்றிதழ் என்று பை நிறைந்துவிடும். பாட்டன் கோட்டில் குத்தியிருந்த பித்தளைத் துண்டுக்கு அதில் இடமில்லை. சோதனைச் சாவடிகள் மலிந்த காலத்தில் எந்தப் படையின் சின்னமானாலும் பெட்டியில் வைத்திருப்பது வீண் வம்பு. ஆகவே இக்கரையில் சின்னம் கிடைக்காததை மட்டும் வைத்துக்கொண்டு, இங்கிருந்து யாரும் படைக்குப் போகவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

சின்னங்களை அடையாளம் காணும் முறையிலேயே இன்னொரு குறை இருக்கிறது. அந்த முறை உலோகத்தை மட்டுமே வாசிக்கிறது.

உலோகத்தை அது நன்றாகவே வாசிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. சின்னம் கைக்கு வந்ததும் முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கோட்டு மடிப்பின் பொத்தான் துளையில் செருகும் பிறை வடிவக் கொக்கி இருந்தால், அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. முள்ளைக் கவ்வும் வண்ணத்துப்பூச்சிப் பிடி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வழக்கம். ஜே. ஆர். கோண்ட் போன்ற பட்டறைகளின் பெயர் பொறித்திருந்தால் காலத்தை இன்னும் நெருக்கிப் பிடிக்கலாம். பிறகு முன்புறத்து முடி. வளைவுகள் இறங்காமல் வட்டமாக மேலெழுந்தால் அது மன்னர் காலத்து முடி. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் இரண்டாம் எலிசபெத் காலம், அதாவது 1950களின் தொடக்கத்துக்குப் பிந்தியது. கடற்காற்றில் பச்சைக் களிம்பு ஏறிய சின்னத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள், ஆளின் பெயருக்கு வழிகாட்டக்கூடிய தொடர் எண்ணையும் மங்கச் செய்துவிடுகிறார்கள்.

சங்கங்களின் பெயர் மாற்றங்களும் துணைக்கு வரும். 1921இல் தொடங்கிய பிரித்தானிய லீஜனின் பெயரில் 'ரோயல்' சேர்ந்தது 1971இல். அதே 1921இல் கேப்டவுனில் உருவான பிரித்தானியப் பேரரசுச் சேவைக் கழகம் 1958இல் 'பேரரசை' விட்டுப் 'பொதுநலவாயம்' ஆனது. அவுஸ்திரேலியாவில் 1916இல் தோன்றிய திரும்பி வந்த வீரர் கழகம் 1940இல் விமானப்படையினரையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. அதன் சின்னத்தில் சந்தா கட்டிய ஆண்டைக் காட்டும் சிறு தகடும் செருகப்படும். 'சிலோன்' என்ற பெயர் உள்ள உள்ளூர்ச் சின்னமானால் 1972 மே 22க்கு முந்தியது என்று தொடக்கக் கணிப்பு செய்யலாம். (தேயிலைப் பெட்டிக்கு இந்த விதி பொருந்தாது.) 1916 செப்டெம்பர் முதல் வழங்கப்பட்ட வெள்ளிப் போர்ச் சின்னத்தையும் சங்கச் சின்னமாகக் கணக்கெழுதுகிறவர்கள் உண்டு. அது காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விலக்கப்பட்டவருக்கு அரசு கொடுத்தது. சங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவ்வளவு நுட்பமான இந்த முறையில் அகப்படாத சின்னம் ஒன்று இலங்கையில் இருந்தது. அது ஒரு பூ.

1921 நவம்பர் 11 முதல் பிரித்தானியாவில் முன்னாள் வீரர்களின் நலநிதிக்காகப் பொப்பிப் பூ விற்கப்பட்டது. வழக்கம் விரைவிலேயே குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பொப்பி வாங்கிக் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. முதல் உலகப் போரில் நின்று திரும்பிய இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். இதை எதிர்த்து 1931இல், முன்னாள் படைவீரரான ஏலியன் பெரேரா அதே நவம்பர் 11இல் பூவரசம் பூ விற்பனையைத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய மல். வருமானம் வறிய இலங்கை முன்னாள் வீரர்களுக்கு. தொடக்கத்தில் இது பேரரசை எதிர்த்த கலகமல்ல. பேரரசுக்காகச் சண்டையிட்டவர்கள் தங்கள் பங்கைக் கேட்டார்கள், அவ்வளவுதான். பிற்கால இடதுசாரி நினைவுகளில் இந்தத் தொடக்கம் ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறது. சின்னங்களின் வரலாற்றை எழுதுகிறவர் அப்படிக் கடந்துபோகக் கூடாது.

1933இல் நிலைமை மாறியது. ஆசிரியப் பணிக்காக இலங்கை வந்திருந்த ஆங்கிலேயப் பெண் டொரீன் யங், 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் பூக்களின் போர் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் நாட்டு வீரர் வாடியிருக்க, இலங்கைப் பிள்ளைகளின் காசைப் பிரித்தானிய வீரருக்கு அனுப்புவது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. சொந்த நாட்டவர்களிடமே அதற்காக ஏச்சு வாங்கினார். தென் கொழும்பு இளைஞர் கழகம் இயக்கத்தை ஏற்று, போர் எதிர்ப்பும் ஏகாதிபத்திய எதிர்ப்புமாக அதன் உள்ளடக்கத்தை மாற்றியது. டொரீன் இயக்கத்தின் முதல் தலைவரானார். டெரன்ஸ் டி சில்வாவும் றொபின் இரத்தினமும் இணைச் செயலாளர்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், நிதியும் பெரிதல்ல. ஆனாலும் அரசு தெருவில் பணம் சேர்ப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்து விற்பனையை முடக்கப் பார்த்தது. 1934–35இல் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றபோது இதே தொண்டர்கள் கேகாலைப் பக்கக் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து போனார்கள். 1935 டிசம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதன் முன்னணியில் நின்றவர்களில் பலர் இவர்களே. முன்னாள் வீரர்களுக்கான ஒரு நிதிச் சின்னம் நான்கே ஆண்டுகளில் நாட்டின் முதல் மார்க்சியக் கட்சிக்கு வழிவிட்டது. எந்த எனாமல் சின்னத்துக்கும் இப்படி ஒரு வரலாறு இல்லை.

வடக்கில் அந்த 1931 வேறு காரணத்துக்காக நினைவுகூரப்படுகிறது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அழைப்பில் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணித்தன. மன்னார் அந்தப் புறக்கணிப்புக்கு வெளியே நின்றது. கொழும்புத் தெருவில் பூவும் யாழ்ப்பாணத்தில் வாக்குப் புறக்கணிப்பும் ஒரே ஆண்டில் பேரரசோடு கணக்குப் பேசின. இரண்டையும் சேர்த்து எழுதிய ஆய்வுகள் குறைவு.

விடத்தல்தீவுக்காரருக்குப் பூவரசை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உப்புக்காற்றுக்கு அசையாத மரம். வேலியோரம் நிழல் தரும், இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதுவார்கள். காலையில் விரியும் பூ வெளிர் மஞ்சள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. மாலைக்குள் செம்மையேறி ஊதாவாகச் சுருங்கி விழும். இத்தகைய பூவைக் காலையில் கோட்டில் குத்தினால் இரவுக்குள் நிறமே மாறிவிடும். பொப்பியின் நிலை வேறு. அதைத் துணியிலும் காகிதத்திலும் செய்யத் தொழிற்சாலைகள் இருந்தன. அதன் நடுப்பொத்தானில் 1994 வரை 'ஹேக் நிதி' என்று நலநிதியின் பெயர் பொறிக்கப்பட்டதால் அதற்கும் காலம் சொல்லலாம். பூவரசம் பூவுக்குப் பட்டறை முத்திரையில்லை, தொடர் எண்ணில்லை, பின்புறமும் இல்லை.

ஆகவே இலங்கை முன்னாள் வீரர் சின்னங்களின் பட்டியலைத் தயாரிப்பவர் 1931 முதல் இரண்டாம் உலகப் போர் வரையான பகுதியைச் சேகரிப்புத் தட்டுகளை வைத்து நிரப்ப முடியாது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இரண்டாம் வாரத்துப் பத்திரிகைகள், தெரு வசூல் அனுமதிகள், இயக்கத்தவர் எழுதிவைத்த நினைவுகள் ஆகியவையே அவருக்கான சான்றுகள். பட்டியலில் அந்தப் பூவுக்குத் தனிப் பதிவு வேண்டும். செய்பொருள் என்ற இடத்தில் பூவரசு, ஆயுள் என்ற இடத்தில் ஒரு நாள் என்று எழுதலாம்.