வீடு கட்டுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது வங்கியில் வேலை பார்க்கிறார். "சார், மனை வாங்கிட்டேன். மூணு பேர்கிட்ட எஸ்டிமேட் கேட்டேன். ஒருத்தர் மத்தவங்களைவிட சதுர அடிக்கு 300 ரூபா கம்மியா சொல்றார். யாரை வைக்கலாம்?" என்றார்.

வரலாறு சொல்லிக்கொடுத்தவனிடம் வந்து கொத்தனார் விஷயம் கேட்கிறாரே என்று சிரித்துக்கொண்டே, நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, இது வரலாற்றுக் கேள்விதான் என்று தோன்றியது. கிட்டத்தட்ட 3,750 வருடத்துப் பழைய கேள்வி. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு வரை படித்த எல்லோருக்கும் பாபிலோனின் ஹமுராபியைத் தெரியும். "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். ஆனால் 1901-இல் ஈரானின் சூசாவில் தோண்டி எடுத்து, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கருங்கல் தூணில் வீடு கட்டுபவருக்கென்றே தனியாகச் சில சட்டங்கள் இருக்கின்றன. 228-இலிருந்து 233 வரை.

முதல் சட்டம் கூலியைப் பற்றியது. ஒரு 'சார்' அளவு வீட்டுக்கு இரண்டு ஷெக்கல் வெள்ளி. சார் என்றால் ஏறக்குறைய 36 சதுர மீட்டர், நம் கணக்கில் 390 சதுர அடி சுமார். இரண்டு ஷெக்கல் என்றால் பதினாறு, பதினேழு கிராம் வெள்ளி. அதாவது சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

அடுத்த சட்டம் பயங்கரமானது. கட்டிய வீடு பலமில்லாமல் இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. வீட்டுக்காரரின் மகன் செத்தால் கட்டியவரின் மகனுக்கு மரண தண்டனை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான் என்று நாம் கேட்போம். இந்தத் தண்டனைகள் நிஜமாகவே நிறைவேற்றப்பட்டனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. எனக்குப் பிடித்தவை கடைசி இரண்டு சட்டங்கள். வீடு இடிந்து பொருள் சேதமானால் அதை ஈடு செய்து, வீட்டையும் சொந்தச் செலவில் கட்டித் தர வேண்டும். வேலை ஒழுங்காக இல்லாமல் சுவர் சரிந்தால் தன் வெள்ளியைப் போட்டு பலப்படுத்தித் தர வேண்டும். இதில் ரத்தம் இல்லை, நியாயம் மட்டும் இருக்கிறது.

இன்னொரு ஊர், எபேசஸ். இன்றைய துருக்கியில் இருக்கும் பழைய கிரேக்க நகரம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய தன் பத்துப் பகுதி நூலின் கடைசிப் பகுதியை இந்த ஊர்ச் சட்டத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறார். அங்கே பொதுக் கட்டடம் கட்ட ஒப்புக்கொள்பவர் எஸ்டிமேட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேலை முடியும்வரை அவருடைய சொத்து அதிகாரியிடம் பிணையாக இருக்கும். சொன்ன செலவுக்குள் முடித்தால் அவருக்கு மரியாதை செய்வார்கள். கூடுதல் செலவு நாலில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஊர்ப் பணத்தில் கொடுப்பார்கள். அதற்கும் மேலே போனால் மிச்சத்தை அவர் சொத்திலிருந்து எடுப்பார்கள். ரோமிலும் இப்படி ஒரு சட்டம், தனியார் கட்டடங்களுக்கும் சேர்த்து, இருக்கக் கூடாதா என்று விட்ருவியஸ் ஏங்குகிறார். பாதி வீட்டில் "சார், கம்பி விலை ஏறிடுச்சு" என்று கேட்ட யாருக்கும் அவர் ஏக்கம் புரியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. கட்டியவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அது பெருமைக்காகத்தான். ஆனால் பெயர் நின்றுவிட்டால் பொறுப்பும் கூடவே நிற்கிறது.

சாதாரண வீடுகளுக்குக் கல்வெட்டு இல்லை, ஊர் வாய் இருந்தது. என் அப்பா காலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளை ஒரே கொத்தனார்தான் கட்டினார். தான் எழுப்பிய சுவரைத் தினமும் கடந்துதான் அவர் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஓடு மாற்றவும் அவரே வருவார், சுண்ணாம்பு அடிக்கவும் அவரே வருவார். அது பொற்காலம் என்று சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த கூலி அவர் உழைப்புக்குப் போதவே போதாது. ஆனால் சுவரில் விரிசல் விட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை.

எனக்கு வந்தது. பணி ஓய்வுப் பணத்தில் நான் கட்டிய வீட்டைச் சொல்கிறேன். குறைந்த ரேட் சொன்னவரைத்தான் நானும் பிடித்தேன். கான்கிரீட் போட்ட அன்று கலவை நன்றாக ஓட வேண்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார்கள். நான் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியதும் நாலு நாள்தான். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் காயும்போது கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப் போகும். அதன் வழியே மழைநீர் இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

முதல் மழைக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது மழைக்கு ஓதம். ஆறாவது வருடம், பேத்தி தூங்கும் அறையில் உள்ளங்கை அளவு காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அன்று அவள் ஊரில் இல்லை. கான்ட்ராக்டரைத் தேடினேன். போன் எண் மாறியிருந்தது, ஆளும் ஊர் மாறியிருந்தார். கையில் எழுத்தில் ஒன்றுமில்லை. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று ஒப்பந்தம் எழுதாமல் விட்டது என் தவறு.

வீட்டுக் குறை உடனே தெரிவதில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1804-இல் வந்த பிரான்ஸின் நெப்போலியன் சட்டத்தொகுப்பில் ஒரு பிரிவு: மொத்தத் தொகை பேசிக் கட்டிய கட்டடம் கட்டுமானக் குறையால் விழுந்தால், மண்ணின் குறையாகவே இருந்தாலும், பத்து வருடம் வரை கட்டியவர்தான் பொறுப்பு. அந்தப் பிரிவின் எண் 1792. ஹமுராபி பட்டத்துக்கு வந்ததாக வரலாற்று நூல்கள் சொல்லும் ஆண்டும் கி.மு. 1792. தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்.

நம் நாட்டில் 1993-இல் உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு 2014 ஜூன் 28, சென்னை மவுலிவாக்கம். மழை மாலையில் பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். ஹமுராபி வீட்டுக்காரரைப் பற்றி எழுதினார், மகனைப் பற்றி எழுதினார், அடிமையைப் பற்றிக்கூட எழுதினார். செங்கல் சுமந்தவரைப் பற்றி எழுதவில்லை.

2016-இல் ரெரா சட்டம் வந்தது. விற்பதற்காகக் கட்டும் திட்டங்களில், வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் கவனியுங்கள்: நம் சொந்த மனையில் நாமே ஆள் வைத்துக் கட்டினால் இந்த ஐந்து வருடப் பாதுகாப்பு தானாக வராது. நாம்தான் எழுதி வாங்க வேண்டும். நுகர்வோர் நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது, அதற்கும் இரண்டு வருடக் கெடு உண்டு, காகிதமும் வேண்டும்.

மாணவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். "மூணு பேர்கிட்டயும் ரேட்டைக் கேட்டது சரி. இப்போ வேற கேள்வி கேளுங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள தளம் ஒழுகினா, விரிசல் விட்டா நீங்க வந்து சரிபண்ணுவீங்களா? அதை எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா? எஸ்டிமேட்டுக்கு மேலே எவ்வளவு வரைக்கும் போகும், அதுக்கு மேலே யார் செலவு? ஆறேழு வருஷம் முன்னாடி கட்டின ஒரு வீட்டைக் காட்டுங்க. அந்த வீட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்ச மாசத்துல போகாதீங்க, மழை விட்ட மறுநாள் போங்க. மாடி அறை மூலையைப் பாருங்க. வீட்டுக்காரர்கிட்ட, கூப்பிட்டா வர்றாரான்னு மட்டும் கேளுங்க. பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்க, கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் தாண்டிக் கொடுக்கிறதா பேசுங்க."

நேற்று திரும்பப் பேசினார். 300 ரூபாய் குறைவாகச் சொன்னவர், "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று கோபித்துக்கொண்டாராம். இன்னொருவர் தாளை வாங்கிப் படித்துப் பார்த்து, "அஞ்சு வருஷம் தளத்துக்குத் தர்றேன், பெயிண்டுக்கு ஒரு வருஷம்தான்" என்று பேரம் பேசினாராம். பேரம் பேசியவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிய நண்பர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். குறை சொல்ல வேண்டுமானால் பெயர் வேண்டாம். உங்களுக்கு நல்ல கொத்தனார் வாய்த்திருந்தால், அவர் சம்மதத்தோடு பெயரை அவசியம் எழுதுங்கள்.