வண்டியைப் பழுது பார்ப்பவர் யார்?

மோட்டார் வண்டி வைத்திருப்போர் எல்லோரும் என்றேனும் ஒரு நாள் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியவர்களாகிறோம். வண்டியின் பராமரிப்பை நாமே செய்துகொள்வதா, விற்ற நிறுவனத்தின் பணிமனையில் விடுவதா, அல்லது தெருக்கோடியிலுள்ள பட்டறைக்காரரிடம் ஒப்படைப்பதா? சொந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இக்கேள்வி இன்னும் சற்றுக் கடினமானது. ஊரிலே தகப்பனார் காலத்திலிருந்து பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார். இங்கே யாரை நம்புவது? சில்லறைச் செலவு பற்றிய விவகாரமாகத் தோன்றும் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதனைச் சிறிது நோக்குவோம்.

மாட்டு வண்டிக் காலத்தில் அச்சுக்கு மை இடுவதும் கடையாணியைச் சரிபார்ப்பதும் வண்டிக்காரரின் வேலை. ஆரக்கால் மாற்றுவது தச்சருடையது. சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டுவது கொல்லருடையது. எந்த வேலை எவருக்கு உரியது என்பதில் ஐயமே எழவில்லை. வண்டியில் கண்ணுக்கு மறைந்த பொருள் எதுவும் இல்லாமையே அதற்குக் காரணம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்நாட்டுக்கு வந்த மோட்டார் வண்டி இந்தத் தெளிவைக் குலைத்தது. அதனை முதலில் வைத்திருந்தோர் சமஸ்தானாதிபதிகளும் பெருவணிகரும் ஆங்கில அதிகாரிகளுமே. ஓட்டியவரே பழுதும் பார்த்தார். அவரைக் குறித்து வழங்கிய 'ஷோபர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நெருப்பு மூட்டுபவர் என்பதே மூலப்பொருள். கொதிகலனைக் காய்ச்சியவரின் பெயர் காரோட்டியின் பெயராயிற்று. ஓட்டுவதும் பேணுவதும் ஒரே தொழிலாக இருந்த காலத்தின் அடையாளம் அச்சொல்.

போர்டு நிறுவனம் 1926இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கின. விற்பனை பெருகவே, விற்பவரிடம் பணிமனையும் இருக்கவேண்டிய நிலைமை ஏற்பட்டது. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் இதற்குத் தக்க உதாரணம். பஸ் போக்குவரத்து, வண்டி விற்பனை, பழுது பார்த்தல் ஆகிய மூன்றும் அங்கே ஒரு குடையின்கீழ் வளர்ந்தன. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரிவாயுவால் வண்டியை ஓட்டும் சாதனத்தை அந்நிறுவனம் தயாரித்து அளித்தது. வண்டியின் உட்கூறுகளை அறிந்த கைகள் இருந்தமையால் அல்லவோ அது சாத்தியமாயிற்று!

சுதந்திரத்துக்குப் பின், வண்டிகளை இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாத நிறுவனங்கள் தொடர்வதற்கில்லை என அரசு 1953இல் முடிவு செய்தது. அந்நிய நிறுவனங்கள் விலகின. 1942இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1944இல் நிறுவப்பெற்ற பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுமே நெடுங்காலம் நம் சாலைகளின் கார்களைத் தந்தன. வாங்கப் பதிவு செய்து பல ஆண்டுகள் காத்திருந்தோர் பலர். கிடைத்த வண்டியைப் பிள்ளையைப் போல் பேணாமல் வேறென்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், அதன் இடைவெளியைத் தகட்டளவியால் அளப்பதும், பாயின்டை உப்புத்தாளால் தேய்ப்பதும், கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்வதும் பல வீடுகளில் வழக்கமாயிருந்தன. மாதிரி அதிகம் மாறாததால், ஒருமுறை கற்ற வித்தை கால் நூற்றாண்டு பயன்பட்டது.

இதே காரணத்தால் தெருப்பட்டறையும் தழைத்தது. பள்ளியை விட்ட சிறுவன் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கச் சேர்ந்து, சில ஆண்டுகளில் எஞ்சினின் ஓசை கேட்டே நோயறிபவனானான். டில்லிக் காஷ்மீரி கேட், சென்னைப் புதுப்பேட்டை போன்ற உதிரிப்பாகச் சந்தைகள் அவனுக்குத் துணை நின்றன. மொழிபெயர்ப்புத் தொழிலில் உழலும் நாம் இங்கே ஒன்றை வியந்து குறிப்பிடவேண்டும். இந்தி அறியாத தமிழரும் தமிழ் அறியாத பஞ்சாபி மெக்கானிக்கும் கிளட்ச், பிரேக், டைனமோ என்னும் சொற்களைக் கொண்டே கருத்தைப் பரிமாறிக்கொண்டனர். அகராதி எதுவும் இல்லாமல் நாடெங்கும் செல்லுபடியான பொது மொழி அது.

1983 டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி கார் உரியவர் கைக்குச் சென்றது. அத்துடன் புதிய ஒழுங்கும் வந்தது. குறித்த தொலைவில் இலவச சர்வீஸ், பயிற்சி பெற்ற ஊழியர், அச்சிட்ட விலைப்பட்டியல் ஆகியவை வாடிக்கையாளருக்கு நன்மையே செய்தன. பின்னர், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கார்களில் கார்புரேட்டர் மறைந்து, கணினி அளந்து எரிபொருள் செலுத்தும் முறை பரவியது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் கட்ட விதிகள் உணர்விகளை மேலும் பெருக்கின. காற்று தூய்மையுற இவை தேவையே. ஆயினும், பழுதைக் கண்டறியும் கருவியும் அதன் மென்பொருளும் யாரிடம் உள்ளனவோ அவரே வண்டிக்கு வைத்தியர் என்ற நிலை உருவாயிற்று. காது கூர்மையான பட்டறைக்காரர் கைகட்டி நிற்க நேர்ந்தது.

இவ்வழக்கு இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் சென்றது. உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தமைக்காக 14 கார் நிறுவனங்களுக்கு ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சிலவற்றின் தொகை குறைந்தது. எனினும் அவ்வாணையின் ஒரு வாசகம் நம் போன்றோர் நினைவிற்கொள்ளத் தக்கது: வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதும் ரத்தாகும் எனப் பொதுவான நிபந்தனை விதிக்கலாகாது. தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டும் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளலாம். 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்து, இணையவாயிலும் திறந்தது. மோட்டார் வண்டியும் அதில் அடங்கும்.

இச்சரித்திரத்திலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பழைய வேலைப் பகுப்பையே புதிய வண்டிக்கும் பொருத்திக்கொள்ளலாம். சக்கரக் காற்று, எண்ணெய் மட்டம், குளிர்நீர், பாட்டரி முனை, காற்று வடிகட்டி ஆகியவை சொந்தக்காரர் கவனிக்கவேண்டியவை. இவை அச்சுக்கு மை இடுவதற்கு ஒப்பானவை. காற்றுப்பை, மென்பொருள், மின்சார வண்டியின் உயரழுத்தப் பகுதி ஆகியவற்றில் நாம் கைவைத்தல் ஆபத்து; அவை தக்க பயிற்சி பெற்றோருக்கே உரியன. உத்தரவாதக் காலம் கடந்த வண்டியின் அன்றாடப் பழுதுகளுக்கு நாணயமான பட்டறைக்காரர் போதும். மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டுப் பெற்றுக்கொண்டால் வீண் சந்தேகம் எழாது.

ஊரை விட்டு வந்த நமக்குத் தெருமுனைப் பட்டறை வெறும் மலிவுக் கடையன்று. நள்ளிரவில் வண்டி நின்றால் முதலில் ஓடி வருபவர் அவரே. அவர் கையில் கருவியும் அறிவும் சென்று சேர்வதற்கு வழி அடைபடாமல் காப்பது அவருக்கு மட்டும் அன்றி, நமக்கும் உரிய காரியமாகும்.