அம்புலி காட்டும் மாதம்

இணுவில் சிவகாமியம்மை மீது பிள்ளைத்தமிழ் பாடியவர் அவ்வூர்ச் சின்னத்தம்பிப் புலவர், ஒல்லாந்தர் காலத்தவர். தெய்வத்தைக் குழந்தையாக்கிப் பாடும் இவ்வகை நூல்களின் பக்தியையும் சந்தத்தையும் பேசுகிறோம். அவை பிள்ளை வளர்ச்சியின் கால அட்டவணையுமாகும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

பருவங்கள் பத்து. மரபான கணக்கொன்றின்படி ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுதல். ஒன்பதில் சப்பாணி, அதாவது கைகொட்டல். பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. 12ஆம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழன் மீது ஒட்டக்கூத்தர் பாடிய நாள்முதல் வழங்கும் முறை இது.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, பிள்ளை தனித்து நடக்கும் சராசரி வயது ஏறத்தாழ 12 மாதம். வருகைப் பருவத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்! ஆயினும் பெருமிதத்தில் தவறிவிடலாகாது. புலவர் பாடியது குறையேதுமற்ற தெய்வக் குழந்தையை. நிஜப் பிள்ளைகளை ஐந்து நாடுகளில் அவதானித்தவர்கள் கண்டதோ 8 மாதத்துக்கும் 17½ மாதத்துக்கும் இடைப்பட்ட நீண்ட எல்லை. தவழாமலே நடந்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. பதின்மூன்றாம் மாதம் நடக்கவில்லையென்று கலங்கும் தாய்க்கு இது பெரும் ஆறுதல்.

அம்புலியின் கதை வேறு. தாய் விரல் நீட்டுகிறாள். பிள்ளை விரலைப் பாராமல், விரல் சுட்டும் நிலவைப் பார்க்கவேண்டும். பின்பு தானே சுட்டிக்காட்டித் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டும். 18 மாதமாகியும் இது நிகழாவிடின் ஓட்டிசம் உண்டா எனப் பரிசோதிக்கும்படி இன்றைய மருத்துவர் கூறுவர். கால் பிந்தினால் அயலவரே சொல்லிவிடுவார்கள். கண் பிந்தினால் "அமைதியான பிள்ளை" என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

தராசு நம்மூருக்குப் பின்னர் வந்தது. அமெரிக்க மிஷன் பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலையை 1898இல் அமைத்தது. வைத்தியர் இசபெல்லா கர் அம்மையார் அங்கு நெடுங்காலம் பணியாற்றினார். மகப்பேறு வீட்டறையிலிருந்து வைத்தியசாலைக் கட்டிலுக்கு மெல்ல நகர்ந்தது. நைஜீரியக் கிராமங்களில் டேவிட் மோர்லி உருவாக்கிய நிறைக்கோட்டு அட்டை பின்னாளில் உலகெங்கும் பரவியது. போசாக்கின்மையை முன்கூட்டியே காட்டிப் பல உயிர்களைக் காத்த அட்டை அது. குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் கிளினிக் வாசலில் தாய்மார் ஒருவரையொருவர் கேட்பது "எத்தனை கிலோ?" என்பதைத்தான். இலங்கையில் குடும்பநல மருத்துவமாது நிரப்பும் பதிவேட்டில் பார்வை, செவிப்புலன், பேச்சு ஆகியவற்றுக்கும் இடமுண்டு. அப்பக்கங்களைப் புரட்டுவோர் குறைவு.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. நகையையும் காணி உறுதியையும் எடுத்தவர்கள்கூட அந்த அட்டையை மறந்திருக்கலாம். மாதக்கணக்கில் அகதியாய் அலைந்த வீட்டில் பிள்ளை பேசத் தாமதித்தால், பயத்தினால் வந்ததென்றே எண்ணத்தோன்றும். சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

பல்லுக் கொழுக்கட்டைச் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. முதற்பல் முளைத்த பிள்ளையின் முன்னே ஏடு, பேனை, நகை என்று பரப்பிவைத்து, எதை எடுக்கிறதென எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். பேனையை எடுத்தால் டொக்டராம்! எடுத்த கையோடு பிள்ளை தாயை நிமிர்ந்து பார்த்ததா என்று அந்த ஆரவாரத்தில் கவனிப்பவர் எவருமில்லை.