உப்புக் கரையும் ஊர்க் கணக்கும்

கணக்கு எழுதுதல் வேறு. கணக்குக் காட்டுதல் வேறு. அரசு என ஒன்று தோன்றிய நாள் முதலாகக் கணக்கு எழுதப்பட்டே வந்துள்ளது. வரி கொண்ட வேந்தன் எவனும் தன் திறைசேரிக்கு வந்தது எவ்வளவு, அதிலிருந்து போனது எவ்வளவு என்பதை அறிய விரும்பாதிருந்ததில்லை. ஆயின் அக் கணக்கேடு யார் கண்முன் விரிக்கப்பட்டது என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும். இதற்கு விடை காணப் பெருநகரங்களை நாடிச் செல்லவேண்டியதில்லை. கற்பிட்டி தொடங்கிச் சிலாபத்துக்கு அப்பாலும் நீளும் எமது புத்தளக் கரையோரமே போதிய சான்று தரும். முத்தும் உப்பும் முற்காலத்திலும், மின்சாரம் இக்காலத்திலும், நாட்டின் பொதுநிதியோடு இக்கரையைப் பிணைத்துள்ளன.

1344ஆம் ஆண்டில் இக்கரையில் வந்திறங்கிய இபின் பத்தூத்தா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி, ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதையும், அம் மன்னனுடைய அலுவலர் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததையும் தம் பயண நூலிற் குறித்துள்ளார். முத்துக்கள் எண்ணப்பட்டன, தரம் காணப்பட்டன, ஆனால் அவை மன்னனுக்காகவே எண்ணப்பட்டன. கடலில் மூழ்கி எடுத்தவன் அவ்வெண்ணிக்கையைக் கேட்டறியும் உரிமை பெற்றிருந்தான் எனக் கொள்ள யாதொரு சான்றும் இல்லை.

எனினும் பண்டைக் காலத்தில் கணக்குக் காட்டும் கடமை அறவே இருந்ததில்லை எனக் கூறுதல் பொருந்தாது. கோட்டை இராசதானியை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் முன்னேசுவர ஆலயத்துக்கு அளித்த கொடையைக் கல்லிற் பொறிப்பித்தான். கொடுத்தது யாது, எதன் பொருட்டு என்பதைக் கல்லில் வெட்டி நிறுத்துதல், அதனைப் பின்வருவோர் எவரும் மறைக்கவோ மாற்றவோ இயலாதபடி செய்தலேயன்றோ? தமிழகத்தின் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இதனினும் ஒருபடி மேற்சென்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை, வாரியங்களிற் பணியாற்றிக் கணக்குக் காட்டாது விட்டவரும் அவர்தம் உறவினரும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர் என விதித்தன. அச் சபை அந்தணர் ஊர்ச் சபையே; எல்லா மக்களுக்கும் உரிய குடியாட்சி அன்று. எனினும் பொதுப்பணத்தைக் கையாண்டவன் ஊருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்னும் நெறி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழிற் சட்டமாக எழுதப்பட்டிருந்தது என்பது நாம் மறக்கத்தகாத செய்தியாகும்.

ஒல்லாந்தர் காலத்தில் இக்கரையின் உப்பு அரசியற் படைக்கலமாயிற்று. கடலற்ற மலைநாட்டுக்கு உப்பு கரையோரத்திலிருந்தே சென்றாகவேண்டும். ஆகவே கரையைப் பிடித்தவன் கண்டி மன்னனின் அடுக்களையையும் பிடித்தவனானான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கண்டியரசு தன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தக் கும்பனிக்கு இழந்தது. கண்டிக் குடிகள் உப்பு எடுத்துக்கொள்வதும் உடன்படிக்கை தரும் சலுகையாயிற்று. கும்பனியார் கணக்கெழுதுவதில் வல்லவர். ஆயின் அவர்தம் ஏடுகள் பத்தாவியாவுக்கும் ஒல்லாந்துக்கும் சென்றனவேயன்றி, உப்பு வாரியவனிடம் வரவில்லை. அதே 1766ஆம் ஆண்டிலேதான் சுவீடன் நாடு, அரச ஆவணங்களைக் குடிமகன் பார்வையிடும் உரிமையை உலகில் முதன்முதலாகச் சட்டமாக்கியது. ஓராண்டின் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்குவார்க்கு, நாம் கடக்கவேண்டியிருந்த தூரம் இனிது விளங்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாக நிலைபெற்றது. பாத்தி கட்டி உப்பு விளைவித்தவன் அதனை அரசுக்கே ஒப்புவித்தல் வேண்டும். உண்பவனும் அரசு வைத்த விலைக்கே கொள்ளவேண்டும். கடல் தானாக விளைத்த உப்பைக் கையால் அள்ளுதலும் குற்றமாயிற்று. செல்வனும் வறியவனும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பையே உண்பராதலின், இவ் வரி வறியவன் மீதே மிகுதியாகச் சுமந்தது. தன் கஞ்சியில் வரி கலந்திருப்பதைக்கூட அவன் அறியான். கண்ணுக்குத் தெரியாத வரிக்குக் கணக்குக் கேட்பார் எவருமிலர். இந்தியாவில் 1930ஆம் ஆண்டில் தண்டியிலும் வேதாரணியத்திலும் உப்பு அள்ளியோர், மறைந்திருந்த அவ் வரியை மக்கள் கண்முன் நிறுத்தினர் எனலாம்.

கணக்காய்வுப் பதவி இலங்கையில் 1799ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் வரவுசெலவைத் தொகுத்த நீலப்புத்தகங்களும் ஆக்கப்பட்டன. ஆயின் அவை இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அமைச்சின் பொருட்டே ஆக்கப்பட்டன. கற்பிட்டியிற் பிறந்த அறிஞர் சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை இடவிளக்க நூல், நம்மவர் ஒருவர் நாட்டுச் செய்திகளைத் திரட்டிப் பொதுவில் வைத்த அரிய முயற்சியாகும். அதுவும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. உப்பளத்தில் நின்றவன் மொழியில் யாதொரு கணக்கும் வரவில்லை.

கணக்குக் காட்டாத அரசு எத்தகைய இடருக்கு ஆளாகும் என்பதற்கு 1848ஆம் ஆண்டு சான்றாகும். கோப்பி வாணிகம் வீழ்ந்து வருவாய் குன்றவே, தேசாதிபதி தொரிங்டன் பிரபு துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றின் மீது புதிய வரிகளை விதித்தார். பணம் ஏன் குறைந்தது, எதற்காக வேண்டப்படுகிறது என்பதை மக்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைப்பார் இலர். விளக்கம் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிற்று. மாத்தளையிலும் எமக்கு அண்மையிலுள்ள குருநாகலிலும் கலகம் மூண்டது. அது கொடுமையாக அடக்கப்பட்டது. 1850ஆம் ஆண்டில் தொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார்.

1833ஆம் ஆண்டில் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர்; உத்தியோகப்பற்றற்றோர் அறுவரே. இராணுவச் செலவின் பெரும்பகுதியை இலங்கையே ஏற்கவேண்டும் என இலண்டன் வற்புறுத்தியபோது, நாட்டின் பணத்தைச் செலவிடுவதில் நாட்டவரின் குரல் யாது என்னும் வினா எழுந்தது. 1864ஆம் ஆண்டு நவம்பரில் யோர்ச் உவோல், சாள்ஸ் லோரன்ஸ் முதலிய உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஒருங்கே பதவி துறந்தனர். மறு ஆண்டில் இலங்கைச் சங்கம் என்னும் அமைப்புத் தோன்றியது. அவர்கள் கேட்டது வரிக்குறைப்பன்று. செலவின் மீது கண்காணிப்பு. ஆயினும் அவர்களும் சிறுதொகையினரான மேன்மக்களுக்காகவே பேசினர் என்பதை மறைத்தலாகாது.

அதன்பின் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. 1921ஆம் ஆண்டில் அரசாங்கக் கணக்குக் குழு ஏற்பட்டது. 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, உப்பு வாரியவனும் தன் பணத்தைச் செலவிடுவோரைத் தெரியும் உரிமை பெற்றான். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பொதுநிதி மீதான முழுக்கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என 148ஆம் உறுப்புரையில் விதித்தது. ஆயினும் பிரதிநிதி காண்பதும் குடிமகன் காண்பதும் ஒன்றாகா.

இவ்வேறுபாட்டின் விலையை நம் தலைமுறை அறியும். நுரைச்சோலையில் எழுந்த அனல்மின் நிலையம் 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 2014ஆம் ஆண்டில் 900 மெகாவாற்று ஆற்றலுடன் நிறைவுற்றது. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனைக்கொண்டு, ஏறத்தாழ 135 கோடி அமெரிக்க டொலர் செலவில் அமைந்தது அது. நாட்டுக்கு ஒளி தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் புகைபோக்கியை நாள்தோறும் கண்ட எம்மூர் மீனவருள், அக்கடனின் தவணை யாது, வட்டி யாது என்று அறிந்தவர் எத்துணைப் பேர்? இதுபோன்ற கணக்கற்ற வினாக்கள் கேட்கப்படாது கிடந்த நாட்டில், 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துதல் நிறுத்தப்படுவதாக அரசு அறிவித்தது. மண்ணெண்ணெய்க்குக் காத்துநின்ற படகோட்டி, தான் காணாத கணக்கின் விளைவைத் தன் உடலால் அறிந்தான். 2023ஆம் ஆண்டில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆட்சிமுறை ஆய்வறிக்கையும், பெரும் கொள்வனவு ஒப்பந்தங்களையும் வரிச்சலுகை பெறும் நிறுவனங்களின் பெயர்களையும் மக்கள் அறிய வெளியிடுமாறு பரிந்துரைத்தது.

இன்று எம் கையில் ஒரு திறவுகோல் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குடிமகன் எவனும் காரணம் கூறாமலே அரச அலுவலகமொன்றின் கணக்கைக் கேட்கலாம். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களும், ஓரிலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களும் தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்னரே, அவற்றின் விபரங்களை அமைச்சர் மக்களுக்கு வெளியிடல் வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகின்றது.

இதன் பயனை யாம் ஒருமுறை நேரிற் கண்டோம். எமது பாடசாலைக்கு அண்மையில் அமைந்த வடிகாலில் பாதிப் பணம் மறைந்துவிட்டது என்னும் பேச்சு ஊரில் நெடுநாள் உலவியது. உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். முதலில் வந்த விடை மொத்தத் தொகையைக் கூறும் ஒரே வரியாக இருந்தது. மீண்டும் எழுதவே, நீளம், ஆழம், சீமெந்து, கூலி என்பன தனித்தனியே குறித்த பட்டியல் வந்தது. உயர்வகுப்பு மாணவர் அளவு நாடாவுடன் சென்று வடிகாலை அளந்தனர். கணக்குச் சரியாகவே இருந்தது! ஊராரின் ஐயம் ஒரு மாலைப் பொழுதில் அகன்றது. கணக்குக் காட்டுதல் கள்வனைப் பிடிப்பதற்கு மட்டுமன்று, நேர்மையான அலுவலனைப் பழியினின்று காப்பதற்கும் வேண்டப்படுவது என்பதை மாணவர் அன்று கற்றனர். முதலிலேயே அப்பட்டியல் ஒட்டப்பட்டிருப்பின், அப் பேச்சு எழுந்தேயிராது.

இனிச் செய்யவேண்டியது யாது? வரவு செலவுத் திட்டம் இன்று பருத்த தொகுதிகளாக வெளிவருகின்றது. வெளிவருதல் மட்டும் போதாது. எண்கள் கணினியிற் கூட்டவும் பிரிக்கவும் ஒப்பிடவும் தக்க அட்டவணைகளாகவும், மாவட்டந்தோறும் பிரித்தும், எளிய தமிழிலும் சிங்களத்திலும் கிடைத்தல் வேண்டும். பட்டமாக எடுத்த பக்கங்களிற் பூட்டிய எண், பெட்டகத்திற் பூட்டிய ஏட்டினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. பிரதேச சபையும் நகரசபையும் தம் வரவு செலவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்கும் அறிவித்தலைப் பத்திரிகைகளிற் காண்கிறோம். அதனைப் பார்க்கச் செல்வோர் எத்துணைப் பேர்? அரசு காட்டக் கடமைப்பட்டிருப்பதுபோலக் குடிகளும் காணக் கடமைப்பட்டவராவர்.

இங்கேதான் கல்லூரிக்கு வேலை உண்டு. சோழர் காலக் குடவோலை முறையைத் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவன், தன் ஊர்ச் சபையின் இவ்வாண்டுக் கணக்கை ஒருமுறையேனும் வாசித்துப் பார்ப்பானாயின், அவன் கற்ற வரலாறு உயிர்பெறும். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இதற்கு வழிகாட்டுதல் வேண்டும். முன்னேசுவரத்தில் கல்லிற் பொறித்தது போன்றே இன்றைய கணக்கும் எவரும் காண நிற்றல் வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கக் கற்ற மக்கள் நாம். நாட்டுக்கு உப்பிட்டவர் இக்கரையின் குடிகள். அவர்களை நினைத்தலாவது, அவர்கள் கொடுத்ததற்குக் கணக்குக் காட்டுதலேயாகும்.