கான்சாகிபும் மேற்குப் பாளையங்களும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் மறைந்த கதை இவ்வூரில் எல்லோருக்கும் தெரியும். கைதாகிப் போகும் வழியில் சாமி கும்பிட உள்ளே சென்றவர் திரும்பி வரவேயில்லை என்பது செவிவழிச் செய்தி. அவரை வீழ்த்தியவரின் முடிவோ ஆவணங்களில் நாள் தவறாமல் பதிவாகியிருக்கிறது. அதைப் பேசத்தான் இங்கே ஆள் குறைவு.

பூலித்தேவரை வீழ்த்திய அந்தக் கான்சாகிப், அதாவது மருதநாயகம் என்ற முகமது யூசுப்கான், இராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்தவர் என்பார்கள். 1752 வாக்கில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி கிளைவின் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது புதுக்கோட்டைக் காடுகளின் வழியே ஆங்கிலப் பாசறைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்த திறமைதான் அவரைச் சிப்பாய்ப் படைத் தலைவராக உயர்த்தியது. கம்பெனி பொற்பதக்கமும் கொடுத்தது.

1755-இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையை வளைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மண் கோட்டைதானே என்ற இளக்காரம் பலிக்கவில்லை. கெட்டித்த மண்சுவர் சிறு பீரங்கிக் குண்டுகளை உள்வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. அந்தப் படையில் யூசுப்கானும் இருந்தார். பாடம் கற்றவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பூலித்தேவரின் பலம் கோட்டையில் மட்டுமல்ல, மலைக்கு அப்பாலிருந்து வரும் திருவிதாங்கூர்த் துணையிலும் இருந்தது. 1759-இல் திருவிதாங்கூர் அரசரைத் தம் பக்கம் இழுத்தார் யூசுப்கான். அப்படியும் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை அவ்வாண்டு பணியவில்லை. 1761-இல்தான் அதுவும் நெற்கட்டும்செவலும் விழுந்தன.

வென்று கொடுத்த சீமையைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டபோது சிக்கல் தொடங்கியது. வரியை ஆற்காடு நவாப் முகமது அலி வழியாகச் செலுத்து என்றது கம்பெனி. நேரே கம்பெனியிடம்தான் கட்டுவேன் என்றார் இவர். சிப்பாயாக இருந்தவரை பதக்கம், ஆளத் தொடங்கியதும் துரோகிப் பட்டம்! 1763-இல் அவர் இருந்த மதுரைக் கோட்டையைக் கம்பெனியும் நவாபும் முற்றுகையிட்டார்கள். முதல் முயற்சி தோற்றது. 1764 ஜூனில் மேஜர் காம்ப்பெல் நடத்திய நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பிறகு கோட்டையைப் பட்டினி போட்டார்கள். அக்டோபர் 13 அன்று அவருடைய திவான் சீனிவாசராவும் அவரிடமிருந்த பிரெஞ்சுக்காரன் மர்ச்சந்தும் சேர்ந்து, தொழுகையில் இருந்தவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. 15-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். இரண்டு முறை கயிறு அறுந்தது என்கிறது மக்கள் வழக்கு. உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும் கைகளைப் பாளையங்கோட்டைக்கும் அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள்.

நெற்கட்டும்செவலைத் தகர்த்தவர் என்ற பழியை அவரிடமிருந்து நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. ஆனால் கம்பெனிக்காக அவர் பிடித்த நாடும், அதே கம்பெனி அவரைக் கொன்ற காரணமும் ஒரே வரலாறு. நெற்கட்டும்செவல் நினைவு மண்டபத்தைப் பார்க்கும் நம் பிள்ளைகளை, மதுரைக்குப் போகும்போது சம்மட்டிபுரத்திலுள்ள கான்சாகிப் அடக்கத்தலத்துக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.