ஐயத்தினிடையே உறுதி

ஐயமனைத்தும் நீங்கிய பின்னரே இறைவனை வழிபடுவோம் எனக் காத்திருப்பார் உளர். அன்னோர் பிரான்சு நாட்டுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் வரலாற்றை அறிதல் நன்று. பிற்கால இருப்பியல் தத்துவத்திற்கு முன்னோடியாக எண்ணப்படுபவர் இவர்.

இடையில் நின்றுபோன சூதாட்டத்தில் பணயத்தை எங்ஙனம் பங்கிடுவது என்னும் வினாவை, 1654ஆம் ஆண்டில் ஃபெர்மா என்பாருடன் கடிதவழி ஆராய்ந்து, நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடிகோலினார். நிச்சயமின்மையையே அளக்க முற்பட்ட அறிவு அது! அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், தீயனைய இறையனுபவம் அவரை ஆட்கொண்டது. அதனைத் தாளில் எழுதினார், தோலேட்டிலும் படியெடுத்தார், மேலங்கியின் உட்புறத்தே வைத்துத் தைத்துக்கொண்டார்.

அவ்வனுபவத்தைக் காட்டிப் பிறரை வெல்ல அவர் எண்ணவில்லை. ஐயுறுவோர்க்கு அவர் கூறியது வேறு: அறிவு இதனை முடிவுகட்டாது, ஆயினும் வாழ்பவன் ஒரு பக்கம் பந்தயம் வைத்தே தீரவேண்டும். பந்தயம் என்னும் சொல் அடியார் செவிக்குச் சற்றே உறுத்தும். ஆனால் நம்பிக்கை வாராதவனும் முதலில் வழிபாட்டில் இறங்குக, நம்பிக்கை பின்வரும் என்ற அவர் கருத்து நமக்குப் புதிதன்று. இவை அவர் மறைவுக்குப்பின் 1670இல் நூலாயின.

1662இல், 39ஆம் வயதில், அவர் மறைந்தார். அங்கியின் ஓரிடம் தடித்திருக்கக் கண்டு பணியாள் ஒருவர் தையலைப் பிரித்தார். அங்கி மாற்றுந்தோறும் பிரித்துப் பிரித்துத் தைத்து, எட்டாண்டுகள் எவரும் அறியாது உடன்கொண்டிருந்த அவ்வேடு அப்பொழுதே வெளிப்பட்டது.